இருப்பு பூஜ்யம்தான், டெஸ்ட் ஏன் ஃபெயில் ஆகுது?

கேள்வி: அண்ணா, அப்பாவுக்கு ஏலக்காய் கடை. வண்டன்மேட்டுல இருந்து வர்ற சரக்குக்கு எடை, வித்தது, இருப்பு எல்லாம் பைதான்ல நம்பை (NumPy, எண் கணக்குக்கான லைப்ரரி) போட்டு பாக்குறேன். நோட்டுல இருக்குற இருப்போட ஆல்க்ளோஸ்ல (allclose, ரெண்டு எண் வரிசையும் கிட்டத்தட்ட ஒண்ணான்னு பாக்குற ஃபங்ஷன்) ஒப்பிட்டா ட்ரூன்னு வருது, அதே ரெண்டு அரேயை, அதாவது எண் வரிசையை, டெஸ்ட்ல அஸெர்ட் ஆல்க்ளோஸுக்கு (assert_allclose) குடுத்தா ஃபெயில். இடிக்கிறது ஒரே வரிதான், 300 கிராம் சாம்பிள்ல 100, அப்புறம் 200 குடுத்து முடிஞ்சது. எதை நம்புறது?
- வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: ரெண்டும் பொய் சொல்லலமா. 0.3ல இருந்து 0.1 கழிச்சு, அதுல 0.2 கழிச்சு பிரிண்ட் போட்டுப் பாருங்க, பூஜ்யம் வராது, மைனஸ் 2.78இ-17ன்னு (2.78ஐ பத்தோட 17ஆம் அடுக்கால வகுத்தது) ஒரு துளி நிக்கும், ஏன்னா இந்த மூணு எண்ணையுமே பைனரில முழுசா எழுத முடியாது. இப்ப ரெண்டு ஃபங்ஷனும் பாக்குறது ஒரே கணக்கு: வித்தியாசம், ஏடால் (atol, நேரா இவ்வளவுன்னு விடுற அளவு) கூட்டல் ஆர்டால் (rtol, மதிப்புல இத்தனை பங்குன்னு விடுற அளவு) பெருக்கல் ரெண்டாவது அரேயோட மதிப்பு, இதுக்குள்ள இருக்கான்னு. உங்க நோட்டுல அந்த வரி 0, அதனால ஆர்டால் பக்கம் என்ன போட்டாலும் பூஜ்யம்தான், மிச்சம் ஏடால் மட்டும். ஆல்க்ளோஸ்ல அது சொல்லாமலே 1இ-8, அந்தத் துளி இதுக்குள்ள அடங்கிடும்; அஸெர்ட் ஆல்க்ளோஸ்ல 0, அதுல அடங்காது. அவ்வளவுதான் விஷயம்.

அதுக்காக டெஸ்ட் பாஸ் ஆகுற வரைக்கும் ஆர்டாலை ஏத்திக்கிட்டே போயிடாதீங்க, தயவுசெஞ்சு. 0.01 வச்சீங்கன்னா 50 கிலோ மூட்டையில அரை கிலோ காணாமப் போனாலும் பச்சை விளக்குதான் எரியும், கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போற சரக்கு அது. எவ்வளவு விடலாம்னு தராசுதான் சொல்லணும். உங்க தராசு ஒரு கிராம் வரைக்கும் காட்டுதுன்னா ஆர்டால் 0, ஏடால் 0.0005 (கிலோ கணக்குல அரை கிராம்), ரெண்டையும் நீங்களே எழுதிக் குடுங்க, எதையும் டீஃபால்ட்டுல விடாதீங்க. நோட்டு இருப்பை எப்பவும் ரெண்டாவதா குடுங்க. டெஸ்ட்டுக்கு அஸெர்ட் ஆல்க்ளோஸே நல்லது, ஃபெயில் ஆனா எத்தனை எண் ஒத்துப்போகல, அதிகபட்ச வித்தியாசம் எவ்வளவுன்னு அதுவே காட்டிடும்.

இன்னொண்ணு, எடை போடாம காலியா விட்ட வரி நான்னு (NaN, எண்ணே இல்லைங்கிற அடையாளம்) ஏறியிருக்கும். ரெண்டு அரேயிலயும் ஒரே இடத்துல நான் இருந்தா ஆல்க்ளோஸ் ஃபால்ஸ்ங்கும், அஸெர்ட் ஆல்க்ளோஸோ சரின்னு விட்டுடும். அதனால டெஸ்ட்டுக்கு முன்னாடியே ஐஸ்நான் (isnan, NaN இருக்குற இடத்தைக் காட்டுற ஃபங்ஷன்) போட்டு காலி வரி எத்தனைன்னு எண்ணிடுங்க.