ஒப்பந்த வேலையை நம்பித் தம்பிக்குக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: வயது 41, சோழிங்கநல்லூர். 14 வருடம் வேலை பார்த்த ஐ.டி. நிறுவனம் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டது. இப்போது ஏஜென்சி மூலம் 11 மாத ஒப்பந்த வேலை. முன்பு கைக்கு 1,15,000 ரூபாய், இப்போது 1,35,000. வீட்டுக்கடன் தவணை 46,000, குடும்பச் செலவு 40,000. தம்பியின் கடைக்காக என் பெயரில் எடுத்த 6 லட்சம் பெர்சனல் லோனுக்கு மாதம் 14,000 நானே கட்டுகிறேன். இன்னும் 8 லட்சம் எடுத்துத் தரச் சொல்கிறான், அம்மாவும் வற்புறுத்துகிறார். செட்டில்மென்ட்டில் வந்த 7 லட்சத்தை ஏஐ ஃபண்டில் (ஏஐ நிறுவனப் பங்குகளில் முதலிடும் ஃபண்ட்) போடச் சொல்கிறார் நண்பர். தூக்கம் வரவில்லை.

பதில்: சம்பளம் 20,000 கூடிவிட்டது என்ற தைரியத்தில்தான் வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் அது கூடவில்லை. முன்பு புராஜெக்ட் இல்லாத மாதங்களில் பெஞ்சில் உட்காரவைத்து நிறுவனம் சம்பளம் கொடுத்தது. அந்தச் செலவைத் தலையிலிருந்து இறக்கத்தான் நிறுவனங்கள் ஒப்பந்த ஆட்களுக்கு மாறுகின்றன. இனி பெஞ்ச் செலவு உங்களுடையது.

வருடத்தில் 2 மாதம் சும்மா இருக்க நேரும் என்று வையுங்கள். 13.5 லட்சத்தை 12 மாதத்துக்குப் பிரித்தால் 1,12,500. நிறுவனம் கொடுத்த மருத்துவக் காப்பீடும் போயிருக்கும். பெற்றோரையும் சேர்த்துச் சொந்தமாக எடுக்க மாதம் 5,000 வரலாம். மிச்சம் 1,07,500. இப்போதைய தவணைகளும் வீட்டுச் செலவும் போனால் 7,500தான் நிற்கும். இதில் 8 லட்சத்துக்கு 14 சதவீத வட்டியில் 5 வருடத் தவணை சுமார் 18,500. மாதாமாதம் 11,000 துண்டு விழும்.

சம்பளச் சீட்டு இருக்கிறதென்று தம்பிக்காகக் கையெழுத்துப் போடும் பழக்கத்தை இத்தோடு நிறுத்துங்கள். கடை ஓடுகிறது என்றால், முதல் கடனின் தவணையை அவர் ஏன் கட்டவில்லை? அம்மாவை உட்காரவைத்து மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள். அடுத்த மாதத்திலிருந்து 14,000-இல் பாதியாவது தம்பி கணக்கிலிருந்து நேராக வங்கிக்குப் போகட்டும். தவணை தவறினால் கெடுவது உங்கள் சிபில் ஸ்கோர், அவருடையது அல்ல.

7 லட்சம் உங்கள் குடும்பத்துக்கு ஆறரை மாதச் சாப்பாடு, தவணை. அதை எஃப்.டி.யில் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். அதை வைத்து இப்போதுள்ள பெர்சனல் லோனை அடைக்கக் கை துறுதுறுக்கும். அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பொறுங்கள். ஏஐ ஃபண்ட் வேண்டவே வேண்டாம். வேலையும் ஐ.டி.யில், சேமிப்பும் ஐ.டி.யில் என்றால், துறை சரியும் நாளில் இரண்டும் சேர்ந்து விழும்.

இன்னொன்று. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த கால ஒப்பந்த ஊழியருக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. உங்களுடையது 11 மாதம். புதுப்பிக்கும்போது இடைவெளி விடாமல் 12 மாதமாகக் கேளுங்கள். ஏஜென்சி மறுத்தால், கைவிட்டுப் போகும் கிராஜுவிட்டியையும் சேர்த்துச் சம்பளத்தைப் பேசுங்கள்.