பல் பிடுங்கிய பின் வீங்கிய உதடு

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு நேற்று முன்தினம் கீழ்க் கடைவாயில் ஒரு பால் பல்லைப் பிடுங்கி, அதன் பின்னால் இருந்த சொத்தைப் பல்லுக்கு எஃகு உறை போட்டார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் உதட்டைச் சப்பிக்கொண்டே வந்தான். மாலைக்குள் அது வீங்கிவிட்டது. இப்போது உதட்டின் உட்புறம் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம் தெரிகிறது. சீழ் பிடித்துவிட்டது, கிராம்புத் தைலம் தடவு என்கிறார் மாமியார். தடவலாமா?

— வாசகி ஒருவர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தடவ வேண்டாம். கிராம்புத் தைலம் திறந்த புண்ணை மேலும் எரித்துவிடும். இப்பதில் அச்சேறுவதற்குள் உங்கள் மகனின் உதடு பெரும்பாலும் ஆறியிருக்கும் என்றாலும், இதே கலக்கம் பல வீடுகளில் நேர்வதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போடும்போது, தாடையின் பின்பகுதியில் உள்ள நரம்பையே மரக்கச் செய்வதால், பல்லோடு சேர்ந்து கீழுதட்டின் ஒரு பாதியும் பெரும்பாலும் நாக்கின் ஒரு பக்கமும் 2 முதல் 4 மணி நேரம் வரை உணர்வற்றிருக்கும். வலி தெரியாததால் குழந்தை அந்த உதட்டை மென்றுகொண்டே இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதுதான் நடந்திருக்கிறது. அந்த மஞ்சள் படலம் புண் ஆறும்போது மேலே படிவது. அதைத் துடைத்தோ உரித்தோ எடுக்காதீர்கள். வாசலின் தடவி வந்தால் ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். சீழ் என்றால் வீக்கம் நாளுக்கு நாள் கூடும், காய்ச்சலும் வரலாம். கன்னம் வீங்கிக் கண்ணையோ கழுத்தையோ நோக்கிப் பரவினாலும், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பல் பிடுங்கிய குழியில் உறையும் இரத்தக் கட்டிதான் அவ்விடத்தை மூடிக் காப்பது. முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிப்பதும் துப்புவதும் கூடாது. பொட்டலத்தில் கட்டித் தரும் மைலோ ஐஸை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கொடுப்பதும் கூடாது. உறிஞ்சும் வேகத்தில் கட்டி பெயர்ந்துவிடும். இந்தத் தவறைத்தான் நம்மில் பலரும் அன்பினால் செய்கிறோம். மரப்பு நீங்கிய பிறகு ஆறிய கஞ்சியோ குழைந்த சோறோ கொடுக்கலாம். மீண்டும் இரத்தம் கசிந்தால் ஈரமான சுத்தத் துணியை மடித்து 20 நிமிடம் அழுத்திக் கடிக்கச் செய்யுங்கள். அதன் பிறகும் நிற்காவிட்டால் கிளினிக்கைத் தொடர்புகொள்ளுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைக்கு ஆஸ்பிரின் ஆகாது. ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு, ஆகவே 20 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம். 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், நாளொன்றுக்கு 4 வேளைக்கு மிகாமல் கொடுக்கலாம். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள மருந்தும் 250 மில்லிகிராம் உள்ள மருந்தும் கடையில் கிடைப்பதால், கரண்டிக் கணக்கை நம்பாமல் புட்டியைப் படித்து அளவிடுங்கள்.

உறை போட்ட பல்லைச் சுற்றி ஈறு சில நாள் நோகலாம். மென்மையாகத் துலக்குவதை நிறுத்த வேண்டாம். டோடோல் போன்ற ஒட்டும் பண்டங்கள் உறையைப் பெயர்க்கக்கூடும். பிடுங்கிய பல்லின் இடத்தில் நிலையான பல் முளைக்க ஏறக்குறைய 10 வயதாகும்; அதுவரை பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடைவெளியை அடைக்காமலிருக்க, இடம் காக்கும் கம்பி தேவையா என்று அடுத்த முறை போகும்போது பல் மருத்துவரிடம் கேளுங்கள்.