துறை மாறியவர்கள் சூப்பரின் கட்டங்களுக்குள் அடங்கவில்லை என்றால்

நாற்பது வயதுக்கு மேல் துறை மாறிய பன்னிரண்டு பேரை நேர்காணல் செய்த பின், அவர்கள் உளவியலாளர் டொனால்ட் சூப்பர் வயதுவாரியாக வகுத்த தொழில்வாழ்வுக் கட்டங்களில் எதிலும் அடங்காததால் ஆய்வேட்டின் கோட்பாட்டையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

சூப்பர் 1950களில் வகுத்த வரிசையில் 15 முதல் 24 வயது வரை தேடல், 44 வரை நிலைபெறுதல், 64 வரை பேணுதல் என்று வருவது உண்மைதான். ஆனால் ஒருவர் புதிய வேலைக்குள் நுழையும்போது இக்கட்டங்கள் சிறு சுழற்சியாக மறுபடி நிகழக்கூடும் என்று அவரே பின்னாளில் விளக்கினார். (அவரைச் சுருக்கிச் சொல்பவர்கள் அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள்.) ஆகவே, கணக்கராக இருந்து 43 வயதில் செவிலியர் பயிற்சியில் சேர்ந்தவர், வயதால் நிலைபெற்றவராகவும் செயலால் தேடுபவராகவும் இருப்பதில் முரண் இல்லை.

உங்களுக்கு இன்னும் பயன்படக்கூடியது, சமூகவியலாளர் எவரெட் ஹியூஸ் 1937இல் காட்டிய வேறுபாடு. வகித்த பதவிகளின் வரிசையாக வெளியே தெரியும் தொழில்வாழ்வு ஒன்று. தன் வாழ்க்கையை முழுவதுமாகப் பார்த்து ஒருவர் அதற்குத் தரும் பொருள் மற்றொன்று. “இருபது வருடம் வீணாகப் போயிற்று” என்பவரும், “அந்தக் கணக்குப் பழக்கம்தான் மருந்தளவு பார்க்கும்போது கைகொடுக்கிறது” என்பவரும் தன்விவரக் குறிப்பில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். எனவே நேர்காணல்களின் எழுத்துப்படிகளை இவ்விரு நோக்கிலும் தனித்தனியாகக் குறியிடுங்கள்.

தொழில் மாற்றங்களுக்கு ஒருவர் எவ்வளவு தகவமைத்துக்கொள்கிறார் என்பதை அளக்க, உளவியலாளர் சாவிக்காஸ் குழுவினர் உருவாக்கிய 24 கூற்றுகள் கொண்ட அளவுகோலையும் சேர்க்கும் எண்ணத்தைக் கைவிடலாம். பன்னிரண்டு பேரின் சராசரி எதையும் நிறுவாது.