பெயர் ஒன்று, ஆல்பம் நான்கு: பீட்டர் கேப்ரியலில் எதை வாங்குவது?

கேள்வி: பிரிட்டிஷ் ராக் குழுவான ஜெனிசிஸ் கேட்டுப் பழகியவன் நான். அதன் முன்னாள் பாடகர் பீட்டர் கேப்ரியலின் முதல் தனி ஆல்பத்தைத் தேடினால், ‘பீட்டர் கேப்ரியல்’ என்ற ஒரே பெயரில் நான்கு வருகின்றன. எது முதலாவது?

பதில்: பெயரை விட்டுவிட்டு அட்டையைப் பாருங்கள். நீர்த்துளிகள் படிந்த நீலக் காருக்குள் அவர் உட்கார்ந்திருந்தால் அது 1977-இல் வந்த முதல் ஆல்பம். ரசிகர்கள் ‘கார்’ என்பார்கள். விரல்கள் அட்டையையே பிறாண்டுவது 1978. பாதி முகம் உருகி வழிவது 1980. அமெரிக்காவில் ‘செக்யூரிட்டி’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றது 1982. கடைசி இரண்டுக்கும் ஜெர்மன் மொழிப் பதிப்பும் உண்டு. பாட்டுப் பட்டியலைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். விற்பவர் படம் போடவில்லையா? கேட்லாக் எண்ணை, அதாவது வெளியீட்டு நிறுவனம் தட்டுக்குக் கொடுக்கும் எண்ணைக் கேளுங்கள். ‘கார்’ ஆல்பத்தின் பிரிட்டிஷ் முதல் பதிப்பு, சாரிஸ்மா நிறுவனத்தின் சி.டி.எஸ். 4006. ‘சி.டி.’ என்று தொடங்கினாலும் அது எல்.பி. என்ற பெரிய இசைத்தட்டுதான்.

கேள்வி: ஜெனிசிஸ் மாதிரியே இருக்குமா?

பதில்: இருக்காது. அதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். அமெரிக்க ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரை வைத்து ஆல்பங்கள் செய்த பாப் எஸ்ரின்தான் தயாரிப்பாளர். கிடாரில் அந்த வட்டத்து ஸ்டீவ் ஹண்டரும் டிக் வாக்னரும். அதனால் அமெரிக்க ஹார்டு ராக்கின் சாயல் தூக்கலாகவே தெரியும். ‘எக்ஸ்கியூஸ் மி’யில் நாலு குரல் சேரும் பார்பர்ஷாப் பாணி, பேஸ் கிடார் கலைஞர் டோனி லெவின் ஊதும் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழல். ‘வெயிட்டிங் ஃபார் தி பிக் ஒன்’ நிதானமான புளூஸ். ‘டவுன் தி டோல்சே வீட்டா’வில் லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா.

ஜெனிசிஸின் பாணியான, சிக்கலான தாளங்கள் கொண்ட புரோகிரசிவ் ராக்கின் பழக்கம் மிச்சமிருப்பது ‘சோல்ஸ்பரி ஹில்’லில். ஜெனிசிஸை விட்டு விலகியதைப் பற்றிய பாட்டு அது. தாளக் கணக்கு ஏழு, கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளம் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது உறைக்காததற்குக் காரணம், பேஸ் டிரம் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் சமமாக விழுவதுதான். கடைசிப் பாட்டான ‘ஹியர் கம்ஸ் தி ஃப்ளட்’ கொஞ்சம் அளவுக்கு மீறிய பிரம்மாண்டம். கேப்ரியலே அப்படித்தான் நினைத்தார். அதன் எளிய வடிவம் கிடார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்பின் ‘எக்ஸ்போஷர்’ (1979) ஆல்பத்தில் இருக்கிறது.

கேள்வி: பழைய எல்.பி. வாங்கலாமா, புதிய பதிப்பா?

பதில்: பழையது என்றால் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டை மட்டும் ஓடவிட்டுப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஊசிக்கடியில் பள்ளம் நகரும் வேகம் குறைகிறது. அதே அலை சின்ன இடத்தில் நெருக்கப்படுகிறது. இந்த ஆல்பத்தில் அங்கேதான் ‘ஃப்ளட்’டின் உரத்த கோரஸ் வருகிறது. தேய்ந்த ஊசி முதலில் கெடுப்பதும் அந்த இடத்தைத்தான். ‘ஸ’ ஒலிகள் கரகரவென்று தெறித்தால் வேண்டாம். கழுவினால் தூசி போகும், தேய்மானம் போகாது. டிக் டிக் என்று மட்டும் கேட்டால் அழுக்காக இருக்கலாம், விலையைக் குறைத்துப் பேசலாம்.

புதியதில் 2015-இல் வந்த 45 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 45 சுற்று) இரட்டைத் தட்டுப் பதிப்பில், தட்டு வேகமாகச் சுழல்வதால் இந்தத் தொல்லை குறைவு. பாட்டுகள் மூன்று பக்கங்களில் பரவியிருக்கின்றன. நான்காம் பக்கத்தில் இருப்பது செதுக்கிய படம், ஊசியை வைக்காதீர்கள். குரல் இழுவையாகக் கேட்டால் தட்டைத் திருப்பி அனுப்பும் முன் பிளேயரின் வேகம் எல்.பி.யின் வழக்கமான 33-இல் நிற்கிறதா என்று பாருங்கள்.