அட்டெண்டர் பாஸில் அப்பாவின் பேரும் இருக்கட்டும்

கேள்வி: அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய், மூன்றாவது வருடம். நோய் திரும்பிவிட்டதால் மறுபடி கீமோ. 21 நாளைக்கு ஒருமுறை கோவில்பட்டியிலிருந்து சென்னைக்குப் போகிறோம். நடுவில் காய்ச்சல், ரத்த அணுக் குறைவு என்று அட்மிஷன் வேறு. எல்லாவற்றுக்கும் நான்தான். தம்பி பெங்களூரிலிருந்து பணம் அனுப்புகிறான். அப்பா, "எனக்கு மருந்து பேரு ஒண்ணும் தெரியாதும்மா" என்று ஒதுங்கிக்கொள்கிறார். ஏழாவது படிக்கும் மகன் என்னோடு பேசுவதே குறைந்துவிட்டது. ஒரு தடவை போகாமல் இருந்தால் பாவமா?
‍– வாசகி, கோவில்பட்டி

பதில்: பாவமே இல்லை, அம்மா. புற்றுநோய் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்களுக்கு மூன்று ஷிஃப்ட். ஒருத்தி போகும்போது அடுத்தவளிடம் எல்லாவற்றையும் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போவாள். வீட்டு ஆட்களுக்கு மட்டும் ஷிஃப்டே கிடையாது. ஒரே மகள் வாரக்கணக்கில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, கால் வீங்கி நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஆறவே ஆறாது.

அப்பாவுக்கு மருந்து பேர் தெரிய வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு காய்ச்சல், காலையில் ஒரு இட்லியா அரை இட்லியா, வாந்தி, வயிற்றுப்போக்கு, டாக்டர் சொன்னது. அவ்வளவுதான். டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கடைசிப் பக்கத்தில் முதல் நாள் இரவே எழுதி வையுங்கள். ரவுண்ட்ஸ் வரும் நேரம் பார்த்துத்தான் கூட இருப்பவர் பிளாஸ்க்கோடு காபி வாங்கப் போயிருப்பார்! பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களை விடமாட்டார்கள். நோயாளியோடு இருப்பவருக்குத் தரும் அட்டெண்டர் பாஸில் அப்பாவின் பேரையும் சேர்த்து, பகல் முழுக்க அவர் இருக்கட்டும், நீங்கள் குளித்துத் தூங்குங்கள். தம்பி இரண்டு மாதத்துக்கு ஒரு அட்மிஷனாவது லீவு போட்டு வரவேண்டும். பணம் அனுப்புவது பெரிய உதவிதான், ஆனால் அம்மாவுக்கு அவன் முகமும் வேண்டும். குளிப்பாட்ட, துணி மாற்ற யார் வேண்டும் என்பதை மட்டும் அம்மாவிடமே கேட்டுவிடுங்கள். அதில் அவர் சொல்வதுதான் சரி.

ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், ஏசி மூன்றடுக்கு வகுப்புகளில் முழுக் கட்டணமும் தள்ளுபடி. கூட வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கான சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அந்தத் துணை டிக்கெட்டில் அடுத்த முறை அப்பா ஏறட்டும்.

காய்ச்சலைப் பற்றி அப்பாவுக்கும் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். மருந்து ஏறிய பிறகு, பொதுவாக 7 முதல் 14 நாளுக்குள், கிருமியோடு போராடும் வெள்ளை அணு ரொம்பவும் இறங்கும். அப்போது 100.4 டிகிரி வந்தாலே அவசரம்தான். பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சென்னைக்கு ரயிலும் ஏறக் கூடாது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரிப் பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். வண்டி இல்லையென்றால் 108. வாசலிலேயே 'கீமோ நடக்கிறது' என்று சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டுங்கள். அதன் ஜெராக்ஸ் ஒன்று எப்போதும் அந்த நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

மகனிடம் நோயின் பேரைச் சொல்லியே பேசுங்கள். ஏழாவது படிக்கிற பிள்ளைக்குப் புரியும். மறைத்தால் அவனாக எதையாவது கற்பனை செய்துகொண்டு பயப்படுவான். ஆச்சிக்கு முடி ஏன் கொட்டியது என்று கேட்டால் மருந்தால் என்று சொல்லுங்கள், கீமோ முடிந்தால் பெரும்பாலும் மறுபடி வளரும் என்பதையும் சேர்த்து. அடுத்த கீமோவுக்கு அப்பாவும் தம்பியும் போகட்டும். நீங்கள் அந்த வாரம் மகனோடு வீட்டில் இருங்கள்.