வட இத்தாலியில் குடும்பத்தோடு கேம்பர் பயணம்: கேள்வி பதில்

கோடை விடுமுறைக்கு கேம்பர் (படுக்கை, சமையலறை உள்ள வண்டி) எடுத்துக்கொண்டு வட இத்தாலிக்குப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வண்டி, எடை, சாலை, நிறுத்துமிடம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். விசாவும் விமான டிக்கெட்டும் என் துறை அல்ல. எல்லாருக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பழைய ஊர்களுக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வண்டி வெளியே நிற்கட்டும், நீங்கள் ரயிலிலோ படகிலோ உள்ளே போங்கள்.

ஸ்டுட்கார்ட்: பன்னிரண்டு நாள் லீவு. பிள்ளைகளுக்கு 6, 9 வயது. டோலோமைட் மலை, கார்டா ஏரி, வெனிஸ், கோமோ ஏரி, சிங்க்வே தெர்ரே கடற்கரை எல்லாம் பார்த்துவிடலாமா?

வேண்டாம். பாதி விடுமுறை சீட் பெல்ட்டிலேயே போய்விடும். நிறுத்தங்களையும் சேர்த்தால் நெடுஞ்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர், மலையில் 35 முதல் 40 என்றுதான் கேம்பருக்குக் கணக்குப் போட வேண்டும். மூன்று இடம் போதும். டோலோமைட்டுக்கு, புஸ்தேரியா பள்ளத்தாக்கில் டோப்பியாக்கோ பக்கம் நான்கு இரவு, கார்டாவில் மூன்று, வெனிஸ் அருகே இரண்டு. மீதி இரண்டு இரவு போக வர.

புஸ்தேரியாவில் சான் கான்டிடோவிலிருந்து ஆஸ்திரியாவின் லியென்ஸ் வரை 44 கிலோமீட்டர் சைக்கிள் பாதை இருக்கிறது. பெரும்பாலும் இறக்கம்தான், ஒன்பது வயதுப் பிள்ளை தாராளமாக ஓட்டும். திரும்ப ரயில். கேம்ப்சைட்டில் விருந்தினர் பாஸ் உண்டா என்று கேளுங்கள். கொடுத்தால் அந்த மாகாணமான தென் டிரோல் முழுக்க பஸ்ஸும் ரயிலும் இலவசம். கார்டாவில் பெஸ்கியேராவில் தங்கினால் வெரோனாவுக்கு ரயிலில் கால் மணி நேரம். சிங்க்வே தெர்ரேயை இன்னொரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போகும்போதும் வண்டி லெவான்டோவிலோ லா ஸ்பெட்ஸியாவிலோ நிற்க வேண்டும்.

மியூனிக்: நான்கு படுக்கை கேம்பர், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ. எடையைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். அவ்வளவு சிக்கலா?

ஆமாம். கணக்கைப் பாருங்கள். இந்த அளவு வண்டி ஓடும் நிலையிலேயே 3,000 கிலோ வரும். அதில் ஓட்டுநருக்கு 75 கிலோ, டீசல், ஒரு காஸ் சிலிண்டர் அடக்கம். தண்ணீரைப் பெரும்பாலும் 20 லிட்டர்தான் சேர்த்திருப்பார்கள். மிச்சம் 500.

மனைவியும் இரண்டு பிள்ளைகளும் 135. வெளிப் பந்தல் 30. இரண்டாவது பேட்டரி, சோலார் 40. சைக்கிள் ஸ்டாண்டும் நான்கு சைக்கிளும் 70. தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் இன்னும் 80. துணிமணி 50. அரிசி, பருப்பு, பாத்திரம் 50. மேசை நாற்காலி 25. இரண்டாவது சிலிண்டர் 25. கூட்டினால் 505. இன்னும் ஒரு குடை கூட ஏற்றவில்லை.

பின் அச்சு தனிக் கணக்கு. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 4 மீட்டர், சைக்கிள் ஸ்டாண்ட் பின் சக்கரத்துக்கு 2 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொண்டால், அந்த 70 கிலோ பின் அச்சில் 105 கிலோவாக இறங்கும். முன் அச்சிலிருந்து 35 கிலோவைத் தூக்கிவிடும். வண்டியை இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரம். ஈரமான மலைத் திருப்பத்தில் அது வழுக்குவதற்கு இதுதான் காரணம்.

தண்ணீரை 20 லிட்டரோடு ஓட்டி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புங்கள். கனமான சாமான்கள் இரண்டு அச்சுக்கும் நடுவே, தரையோடு இருக்கட்டும். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு எடைமேடையில் மொத்தமாக ஒரு முறை, பின் அச்சை மட்டும் ஒரு முறை எடை பாருங்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட 50க்கு 50 சென்டிமீட்டர் பலகை இத்தாலியில் கட்டாயம்.

ரோட்டர்டாம்: இசட்.டி.எல். என்றால் என்ன? ஜி.பி.எஸ். சொல்லிவிடாதா?

போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அதன் பலகை: வெள்ளை வட்டம், சுற்றிலும் சிவப்பு வளையம், கீழே நேரம். கூடவே மின்பலகையில் ‘வார்கோ ஆத்தீவோ’ என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, நுழையக் கூடாது. ‘நோன் ஆத்தீவோ’ என்றால் நுழையலாம். நுழைந்த ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி அபராதம், ஒன்றுக்கு 80 யூரோவுக்கு மேல். வழி தவறி மூன்று முறை சுற்றினால் மூன்று கடிதம் வரும். நேரம் ஊருக்கு ஊர் மாறும், அதனால் ஜி.பி.எஸ்.ஸை நம்ப முடியாது. வெரோனா, பெர்கமோவின் மேல் ஊர், பொலோன்யா, தூரின் எல்லாவற்றிலும் உண்டு. மிலானில் ஏரியா சி என்று தனிக் கட்டணப் பகுதி இருக்கிறது. ஏழரை மீட்டருக்கு மேற்பட்ட வண்டிக்கு அங்கே காசு கட்டினாலும் அனுமதி இல்லை. நகரின் பெரும்பகுதியை அடக்கும் ஏரியா பி-யில் பழைய டீசல் வண்டிகளுக்குத் தடை. மெட்ரோவின் கடைசி நிலையத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போங்கள்.

சூரிச்: அண்ணை, ஏழு மீட்டர் வாகனம். ஸ்டெல்வியோ கணவாயால போகலாமோ?

போகாதீர்கள். பிராட்டோ பக்கம் 48 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி 2,757 மீட்டர். ஏழு மீட்டர் வண்டி பல வளைவுகளில் எதிர்ப்பக்கத்தை முழுக்க எடுத்துத்தான் திரும்பும். எதிரே பஸ்ஸும் மோட்டார் சைக்கிள்களும் வரும். அந்தப் பக்கம் போக ரெஸியா கணவாய் இருக்கிறது. 1,507 மீட்டர்தான், அகலமான சாலை. 1950-ல் அணைநீரில் மூழ்கிய கூரோன் ஊரின் கோயில் கோபுரம் ஏரிக்குள் நிற்பதை வழியிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

எந்தக் கணவாயானாலும் ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. மூன்றரை டன் வண்டி 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்பதரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளாத மீதியெல்லாம் நான்கு சக்கர பிரேக்குக்குள் வெப்பமாகப் போகும். பிரேக் ஆயில் வருஷாவருஷம் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும், குழாயில் ஆவி உண்டாகும், பெடல் பஞ்சு போல உள்ளே போகும்.

ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவது கியர். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறையில் இரண்டில் வையுங்கள். எஞ்சின் 3,000 சுற்றில் சத்தம் போடட்டும், அதற்கு ஒன்றும் ஆகாது. காலைப் பிரேக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். அழுத்திக் குறைத்து, முழுக்க விடுங்கள். கருகல் வாடை வந்தால் ஒதுங்கி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, பிரேக் டிஸ்க் விரிசல் விடும். வாடகை வண்டியில் பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் என்றால் மாற்றச் சொல்லுங்கள்.

பாரிஸ்: ரைஸ் குக்கர், மிக்ஸி, மின்னடுப்பு கொண்டு போகலாமா?

இத்தாலிய கேம்ப்சைட்டில் ஒரு இடத்துக்கு 6 ஆம்பியர் கிடைத்தால் நல்லது, சில இடங்களில் 3தான். ஆறு என்றால் 1,380 வாட். பிரிட்ஜ் 150, பேட்டரி சார்ஜர் 250, ரைஸ் குக்கர் 600: மொத்தம் 1,000, தாங்கும். அதோடு 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் டிரிப் ஆகும். பல இடங்களில் டிரிப் ஆன சுவிட்ச் இருக்கும் பெட்டி பூட்டியிருக்கும், ஆபீஸ் திறக்கும் வரை மின்சாரம் இல்லை. மின்னடுப்பு 800 வாட்டுக்குக் குறைத்து வைக்கக்கூடியதா என்று பாருங்கள். மிக்ஸி ஓட்டும்போது ஏசியை நிறுத்துங்கள். இட்லி மாவை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு வந்தால் முதல் இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஆகஸ்டில் போ ஆற்றுச் சமவெளி 35 டிகிரி, மாவு பொங்கி வழியும்.

பிராங்ஃபர்ட்: வெரோனாவில் ஆம்பிதியேட்டர் பக்கத்திலேயே கேம்பரை நிறுத்த முடியுமா?

இசட்.டி.எல். மேலே ரோட்டர்டாமுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

தூரின்: இத்தாலிய சாலைச் சட்டம் பிரிவு 185 கேம்பரை நிறுத்துவதை முகாமாகக் கருதவில்லை. ஆக எங்கே வேண்டுமானாலும் இரவு தூங்கலாம். இதை ஏன் யாருக்கும் சொல்வதில்லை?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கார் நிறுத்த அனுமதியுள்ள இடத்தில், மூன்று நிபந்தனையோடு கேம்பரும் நிற்கலாம் என்கிறது. சக்கரத்தைத் தவிர வேறெதுவும் தரையைத் தொடக் கூடாது. எஞ்சின் வெளியேற்றுவதைத் தவிர வண்டியிலிருந்து எதுவும் ஒழுகக் கூடாது. வண்டியின் உருவத்துக்கு வெளியே எதுவும் நீளக் கூடாது. பந்தலை விரித்தால், நாற்காலியைப் போட்டால், கழிவுநீர் வால்வு சொட்டினால், அது முகாம்.

தூரின், மறுபடியும்: சமன் செய்யும் ஆப்பு வைத்தால்? சக்கரம் ஆப்பின் மேல்தானே நிற்கிறது?

மிலான்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆப்பு தரையைத் தொடுகிறதே. மேல்பக்கம் கீல் வைத்த ஜன்னலைத் திறந்தாலே உருவத்தைத் தாண்டுகிறது என்று அபராதம் போட்டார்கள்.

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டும் காவலரிடம் வாதாடுவதற்கு அது உதவாது. பொதுப் பார்க்கிங்கில் ஆப்பு வேண்டாம், பக்க ஜன்னல் வேண்டாம், படிக்கட்டு உள்ளே. காற்றுக்குக் கூரைத் திறப்பு போதும். ஆப்பு இல்லாததால், படுக்கும்போது தலைப்பக்கம் மேட்டில் வரும்படி நிறுத்துங்கள்.

தூரின்: நகராட்சி கேம்பரை மட்டும் தடுத்துப் பலகை வைப்பதே செல்லாது.

காரணம் காட்டாமல் வைத்த பலகையை எதிர்த்து வழக்குப் போடலாம். பலகையின் கீழ் தூங்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. வழக்கு போட நீங்கள் தூரினில் இருக்கிறீர்கள். கேட்கிறவர்கள் மறுநாள் காலை பிள்ளைகளோடு கிளம்ப வேண்டியவர்கள். ஏரிக்கரை ஊர்களிலும் இயற்கைப் பூங்காக்களிலும் இரவுத் தடை நிறைய. கேம்பருக்கென்றே உள்ள ‘ஆரேயா சோஸ்தா’வைத் தேடுங்கள். தண்ணீர், கழிவுநீர்க் குழி, பல இடங்களில் மின்சாரம், கேம்ப்சைட்டைவிடக் குறைந்த கட்டணம். இந்த விவாதம் இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பேர்ன்: சனி விடிய வெளிக்கிட்டா கொத்தார்ட் சுரங்கப்பாதையில நிக்க வேணுமோ?

விடுமுறைச் சனி என்றால் நிச்சயம் நிற்க வேண்டும். செவ்வாய், புதன் பாருங்கள், இல்லையேல் கூர் நகர் வழியாக சான் பெர்னார்டினோ பாதை. இத்தாலிக்குள் ஆகஸ்ட் 15 பெரிய விடுமுறை. அந்த வாரத்தில் முன்பதிவு இல்லாமல் ஏரிக்கரைக்குப் போகாதீர்கள்.

லியோன்: டோல் கேட்டில் எந்த வரிசை?

மஞ்சள் டெலிபாஸ் வரிசை, தானாகக் கட்டணம் கழிக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு, அதைத் தவிருங்கள். நீலம் கார்டுக்கு, வெள்ளை காசுக்கு. தவறி நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்காதீர்கள், உதவிப் பொத்தானை அழுத்துங்கள். ஒரு சீட்டு வரும், 15 நாளுக்குள் கட்டலாம். முன் அச்சுக்கு மேல் உயரம் 1.30 மீட்டரைத் தாண்டுவதால் கேம்பர் ‘பி’ வகுப்பு. மிலானுக்கு வடக்கே ஏ36 நெடுஞ்சாலையில் கேட்டே இல்லை, கேமராதான். அதற்கும் 15 நாளுக்குள் இணையத்தில் நீங்களே கட்ட வேண்டும்.

கொலோன்: மூன்று வயதுக் குழந்தை. மேல் படுக்கையில் தூங்கிக்கொண்டே வரலாமா?

கூடவே கூடாது. ஓடும் வண்டியில் ஒவ்வொருவருக்கும் பெல்ட் உள்ள இருக்கை வேண்டும். படுக்கையை எண்ணாதீர்கள், பெல்ட்டை எண்ணி வண்டி பிடியுங்கள். 150 சென்டிமீட்டருக்குக் கீழே குழந்தை இருக்கை கட்டாயம். இத்தாலியில் பதிவான வாடகை வண்டி என்றால், நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கையில் ‘மறந்துவிட்டுப் போகாமல்’ எச்சரிக்கும் கருவியும் வேண்டும். 2019 முதல் இது சட்டம்.

சென்னை: இந்திய லைசென்ஸ் போதுமா? விசா எங்கே விண்ணப்பிப்பது?

கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும், உங்கள் ஆர்.டி.ஓ.வில் கிடைக்கும். விசாவுக்குத் தூதரகத்தின் இணையதளம்.

வியன்னா: வெனிஸுக்கு ஃபுசினாவா, புன்டா சப்பியோனியா?

இரண்டிலிருந்தும் படகு உண்டு. ஃபுசினா படகு வெனிஸின் ஸாத்தரே கரையில் இறக்கும், புன்டா சப்பியோனியிலிருந்து சான் மார்கோ பக்கம் போகலாம். கடற்கரை வேண்டுமென்றால் புன்டா சப்பியோனி. ஆனால் அது கவல்லினோ-த்ரெபோர்த்தி நகராட்சி. வெனிஸின் பகல்நேர நுழைவுக் கட்டணம் உள்ள நாட்களில் அங்கே தங்குகிறவர்களும் கட்ட வேண்டும். ஃபுசினா வெனிஸ் நகராட்சிக்குள் இருப்பதால் விலக்கு உண்டு, அதற்கும் இணையத்தில் பதிந்து கியூஆர் குறியீடு எடுத்துக்கொள்ளுங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை.

ஆம்ஸ்டர்டாம்: கோமோ நகருக்குள் இசட்.டி.எல். உண்டா?

உண்டு. போகாதீர்கள். ஏரியின் மேற்குக் கரைச் சாலையும் கேம்பருக்கு மிக ஒடுக்கம். கிழக்கே லெக்கோ வழியாகப் போய் கோலிக்கோவிலோ டோமாஸோவிலோ தங்கி, படகில் சுற்றுங்கள்.

பாசல்: போன கோடையில் வாடகை வண்டியில் போய் வந்தோம். வாடகைக்காரர் 45 யூரோ எடுத்தார். இப்போது இத்தாலியிலிருந்து வேறொரு அபராதக் கடிதம். ஒன்றுக்கு இரண்டு முறை கட்டுவதா?

இரண்டும் வேறு வேறு. முதலாவது உங்கள் முகவரியைக் கொடுத்ததற்கு வாடகைக்காரர் எடுத்த கட்டணம், இரண்டாவதுதான் அபராதம். வெளிநாட்டில் இருப்பவருக்கு அபராதக் கடிதம் அனுப்ப இத்தாலிய அதிகாரிகளுக்கு 360 நாள் அவகாசம் உண்டு, அதனால்தான் தாமதம். கையில் கிடைத்த நாளிலிருந்து 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும், 60 நாளைத் தாண்டினால் கூடும். கட்டும் முன் வண்டி எண், தேதி, நேரம், தெரு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். பணம் அனுப்பும்போது கடிதத்தில் உள்ள வழக்கு எண்ணையும் வண்டி எண்ணையும் குறிப்பிடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே நாளில் இரண்டு கேமரா பிடித்திருந்தால் இரண்டாவது கடிதம் தனியாக வரும்.