டிரான்சிட், ரவுட்டிங், ஐஎஃப்எஸ்சி: எந்தக் கட்டத்தில் எந்த எண்?

சம்பளம் வாங்குவது, வாடகை கட்டுவது, ஊருக்குப் பணம் அனுப்புவது பற்றிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள்.

கேள்வி: கனடா வந்து இதுதான் முதல் வேலை. கம்பெனியின் சம்பளப் படிவத்தில் 'ரவுட்டிங் நம்பர், 9 இலக்கம்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. வங்கி கொடுத்த தாளிலோ டிரான்சிட் எண் 5 இலக்கம், இன்ஸ்டிடியூஷன் எண் 3 இலக்கம். சேர்த்தால் 8தான் வருகிறது. ஒன்பதாவது எங்கே? (மிசிசாகா)

பதில்: ரவுட்டிங் நம்பர் என்பது பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று காட்டும் எண். அதில் ஒன்பதாவது ஒரு பூஜ்யம். அது உங்கள் தாளில் இருக்காது, நீங்கள்தான் போட வேண்டும். அதையும் கடைசியில் போடக்கூடாது, முன்னால் போட வேண்டும்.

ஒரு கனடா செக்கை எடுத்து அடியில் ஓடும் எண் வரிசையைப் பாருங்கள். முதலில் செக்கின் எண், அடுத்து 5 இலக்கம், ஒரு சின்னக் கோடு, 3 இலக்கம், அப்புறம் உங்கள் கணக்கு எண். ஐந்து இலக்கம் கிளையைச் சொல்வது, அதுதான் டிரான்சிட். மூன்று இலக்கம் வங்கியைச் சொல்வது: 001 பேங்க் ஆஃப் மாண்ட்ரியல், 002 ஸ்கோஷியா, 003 ராயல் பேங்க், 004 டிடி, 010 சிஐபிசி. காகிதத்தில் கிளை முன்னே, வங்கி பின்னே. கம்ப்யூட்டர் வழியாகப் போகும் பணத்துக்கு இது தலைகீழ்: முதலில் 0, பிறகு வங்கி, பிறகு கிளை. டிடியில் 12345 என்று ஒரு கிளை இருப்பதாக வைத்துக்கொண்டால், செக்கில் 12345-004 என்று இருக்கும்; உங்கள் படிவத்தில் 000412345 என்று எழுத வேண்டும்.

எட்டு இலக்கத்தை அப்படியே எழுதிவிட்டு, கட்டம் நிரம்பவில்லையே என்று கடைசியில் ஒரு பூஜ்யத்தை ஒட்டுபவர்கள் நிறைய. 123450040 என்பதும் ஒன்பது இலக்கம்தான்; படிவம் பேசாமல் வாங்கிக்கொள்ளும். சம்பள நாளன்றுதான் விஷயம் தெரியும். வங்கிகள் தங்கள் தாளில் இந்த ஒன்பது இலக்க வடிவத்தையும் ஒரு வரியில் அச்சிட்டுக் கொடுத்தால் பாதிப் பேருக்கு இந்தக் குழப்பமே வராது.

டெபிட் கார்டின் முகப்பில் இருக்கும் நீள எண் கணக்கு எண் அல்ல. அதை எங்கும் எழுதாதீர்கள். நாளை ஓட்டாவாவுக்குக் குடிபோனாலும் டிரான்சிட் எண் மாறாது. கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்தக் கிளையின் எண்தான், நீங்களாகக் கணக்கை வேறு கிளைக்கு மாற்றும்வரை. 016 என்று முடியும் பழைய எச்எஸ்பிசி செக் யாரிடமாவது இருந்தால் அதைப் பார்த்து எழுத வேண்டாம். அந்த வங்கியின் கனடா பிரிவை 2024 மார்ச்சில் ராயல் பேங்க் வாங்கிவிட்டது.

கேள்வி: வங்கி ஒன்றுதான். ஆனால் அதன் இணையதளத்தில் ரவுட்டிங் நம்பர் இரண்டு காட்டுகிறது. என் செக்கில் இருப்பது மூன்றாவதாக ஒன்று! கலிஃபோர்னியாவில் கணக்குத் தொடங்கி இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். எதைக் கொடுப்பது? (எடிசன்)

பதில்: சம்பளத்துக்கும் பில் கட்டுவதற்கும் செக்கில் இருப்பதையே கொடுங்கள். வீடு மாறியதால் அது மாறாது. கணக்குத் தொடங்கிய மாநிலத்தின் எண்ணே தொடரும்.

பெரிய வங்கிகள் மாநிலத்துக்கு ஓர் எண் வைத்திருக்கின்றன. வயர் டிரான்ஸ்ஃபருக்கு (வங்கியிலிருந்து வங்கிக்குத் தனித்தனியாக நேரடியாக அனுப்பும் பணம்) வேறு எண் வைத்திருப்பதும் உண்டு. பேங்க் ஆஃப் அமெரிக்காவையே பாருங்கள். நியூயார்க் கணக்குகளின் செக்குக்கும் டைரக்ட் டெபாசிட்டுக்கும் 021000322. கலிஃபோர்னியாவுக்கு 121000358. வயர் என்றால் 026009593. மூன்றும் ஒரே வங்கிதான். வயர் எண்ணைச் சம்பளப் படிவத்தில் எழுதினாலோ, செக் எண்ணை வயருக்குக் கொடுத்தாலோ பணம் திரும்பிவரலாம், இல்லையென்றால் நடுவில் சில நாள் நிற்கலாம். அதனால் யாராவது ரவுட்டிங் நம்பர் கேட்டால், "வயருக்கா, ஏசிஎச்சுக்கா?" என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள். ஏசிஎச் என்பது சம்பளமும் பில்லும் போகும் வழி.

இந்த எண் முறையை அமெரிக்க வங்கியாளர் சங்கம் 1910இல் கொண்டுவந்தது. முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் ஃபெடரல் ரிசர்வின் 12 மாவட்டங்களில் ஒன்றைக் குறிக்கும்: 02 நியூயார்க், 12 சான் ஃபிரான்சிஸ்கோ. கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கு. அதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 021000322இல் 1, 4, 7ஆம் இடத்து இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள்: 9. 2, 5, 8ஆம் இடங்களைக் கூட்டி ஏழால் பெருக்கினால் 28. மிச்சம் மூன்றையும் சும்மா கூட்டினால் 3. மொத்தம் 40. பூஜ்யத்தில் முடிந்தால் எண்ணில் எழுத்துப் பிழை பெரும்பாலும் இல்லை. ஓர் இலக்கம் தவறினாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எண் சரியான எண்ணா என்றுதான் சொல்லுமே தவிர, உங்கள் வேலைக்கு உரிய எண்ணா என்று சொல்லாது.

டெபாசிட் ஸ்லிப்பைப் பார்த்து எழுத வேண்டாம். அதில் வங்கி தன் உள்வேலைக்கு வைத்திருக்கும் வேறு எண் இருக்கலாம். கூகுளில் தேடி எடுப்பதையும் விடுங்கள். உங்கள் கணக்குக்குள் நுழைந்தாலே அங்கே இருக்கிறது.

கேள்வி: சென்னையில் இருக்கும் அம்மாவின் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டும். பாஸ்புக்கில் 9 இலக்க எம்ஐசிஆர் எண் இருக்கிறது. 9 இலக்கம்தானே, ரவுட்டிங் கட்டத்தில் அதைப் போடலாமா? (பிராம்ப்டன்)

பதில்: போடாதீர்கள். இலக்கம் ஒன்பதாக இருப்பது தற்செயல். எம்ஐசிஆர் எண் செக் கிளியரிங்குக்கு மட்டும்: முதல் மூன்று ஊர் (சென்னைக்கு 600), அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. பணம் அனுப்பத் தேவையானது ஐஎஃப்எஸ்சி என்ற வங்கிக் கிளைக் குறியீடு. அது 11 இடம்: வங்கியைச் சொல்லும் நான்கு எழுத்து, ஒரு பூஜ்யம், கிளைக்கு ஆறு இடம். ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான். அங்கே 'ஓ' எழுத்தைத் தட்டிவிட்டு ஏன் ஏற்கவில்லை என்று மல்லுக்கட்டுபவர்கள் உண்டு.

அம்மாவின் பாஸ்புக் எந்த வருஷத்தது என்றும் பாருங்கள். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. அதே வருஷம் நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் இந்தியாவுக்குள் போனது. இந்த இணைப்புகளில் பழைய ஐஎஃப்எஸ்சிகள் காலாவதியாயின. பீரோவுக்குள் இருக்கும் பழைய பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாமல், கிளையில் ஒரு தடவை கேட்டுவரச் சொல்லுங்கள்.

பணம் அனுப்பும் செயலிகளுக்குக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் பெரும்பாலும் போதும். உங்கள் வங்கி வழியாக வயர் அனுப்பினால் ஸ்விஃப்ட் கோடும் (உலக அளவில் வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு) கேட்பார்கள். அது 8 அல்லது 11 இடம். 'ஐபான்' (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) என்று ஒரு கட்டம் வந்தால் பயப்பட வேண்டாம். இந்தியாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் அது கிடையாது.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவது பற்றியும் இதே போல ஒரு கேள்வி வந்திருக்கிறது. அங்கே ஐஎஃப்எஸ்சி இல்லை, ஐபானும் இல்லை. ஸ்விஃப்ட் கோடு, கணக்கு எண், கிளையின் பெயர் வேண்டும். வங்கி எண், கிளை எண் என்று தனியாகக் கேட்டால் வங்கிக்கு 4 இலக்கம் (இலங்கை வங்கி 7010, மக்கள் வங்கி 7135, ஹட்டன் நேஷனல் 7083), கிளைக்கு 3 இலக்கம்.

கேள்வி: கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். பெயர் சரியாகத்தான் கொடுத்தேன். பெயரைப் பார்த்து வங்கி நிறுத்திவிடும் அல்லவா? (டாலஸ்)

பதில்: அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் உங்கள் வங்கிக்குப் போன் செய்யுங்கள்.

பெரும்பாலான முறைகளில் பணம் எண்ணைப் பார்த்துத்தான் போகிறது. அமெரிக்க வயரில், பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்பது தெரியாத வங்கி எண்ணை மட்டும் வைத்துக் கணக்கில் சேர்த்துவிடலாம். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. இந்தியாவுக்குள் வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் முறையிலும் இதே கதைதான். அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அங்குள்ள வங்கிகளுக்குச் சொன்னது. அது இந்தியாவுக்குள் அனுப்புபவர்களுக்கு.

நீங்கள் தட்டிய எண்ணில் கணக்கே இல்லையென்றால் பணம் திரும்பிவரும், கட்டணம் போக. இருந்தால், பணத்தைத் திருப்பித் தர அந்தக் கணக்குக்காரர் சம்மதிக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தனிநபர்களுக்கு ஓர் உரிமை உண்டு: பணம் கட்டி 30 நிமிடத்துக்குள் ரத்து செய்யலாம், அதற்குள் பணம் பெறுபவரிடம் போய்ச் சேராமல் இருந்தால். அதனால் அனுப்பிய கையோடு ரசீதைத் திறந்து எண்களை இன்னொரு தடவை படித்துவிடுங்கள்.

கேள்வி: வாடகைக்காக வாய்ட் செக் (குறுக்கே 'VOID' என்று எழுதிச் செல்லாததாக்கிய செக்) கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார் வீட்டு உரிமையாளர். டிரான்சிட் எண்ணும் கணக்கு எண்ணும் தெரிந்தால் பணத்தை எடுத்துவிட முடியாதா? (ஸ்காபரோ)

பதில்: நீங்கள் யாருக்கு செக் கொடுத்தாலும் அந்த எண்கள் அவரிடம் போகத்தான் செய்கின்றன. அவை ரகசியமல்ல. ஆனால் அவற்றை வைத்துப் பணம் போடவும் முடியும், நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்புதலின் பேரில் எடுக்கவும் முடியும். எனவே வாய்ட் செக்கை விட, அதோடு நீட்டும் படிவத்தைக் கவனமாகப் படியுங்கள்: எவ்வளவு, எந்தத் தேதியில், எப்படி நிறுத்துவது. ஒப்புக்கொள்ளாத தொகையை எடுத்தால் கனடாவில் 90 நாளுக்குள் உங்கள் வங்கியிடம் திரும்பக் கேட்கலாம்.

அதைவிட முக்கியம், ஒன்டாரியோவில் அவர் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அங்குள்ள குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, பின்தேதியிட்ட செக்கோ தானாகப் பிடிக்கும் ஏற்பாடோ தந்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது. நீங்களாக விரும்பினால் கொடுக்கலாம்.

கேள்வி: டொராண்டோவில் இருக்கும் நண்பருக்கு 200 டாலர் கொடுக்க வேண்டும். இதற்கும் இத்தனை எண் வேண்டுமா? (மார்க்கம்)

பதில்: ஒன்றும் வேண்டாம். இன்டராக் இ-டிரான்ஸ்ஃபருக்கு அவருடைய மின்னஞ்சல் போதும். அவர் ஆட்டோ டெபாசிட் (வரும் பணம் தானாகக் கணக்கில் சேரும் வசதி) வைத்திருக்காவிட்டால் ஒரு பாதுகாப்புக் கேள்வி கேட்கும். அதன் விடையை அதே மின்னஞ்சலுக்கு எழுதி அனுப்பாமல் போனில் சொல்லுங்கள்.